கண்ணகி திரும்பி வந்தாள், எங்க சனம் வரல

"அந்த ஏரியா முன்ன மாதிரி இல்லப்பா. சுத்தமா மாறிடுச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சும்மா ஒரு நடை போயிட்டு வந்தாலே மனசு லேசாயிடுது."

இதைச் சொன்னவர் என்னோடு எம்.ஏ. தமிழ் படித்தவர். நல்லவர்தான். கூட்டம் போட்டால் வருவார். துண்டறிக்கை அடிக்கக் காசு கேட்டால் கொடுப்பார். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலைக்கு மாலை போடும்போது நம்மோடு நிற்பார். அவர் சொன்ன ஏரியா தீவுத்திடலில் ஆரம்பித்து, நேப்பியர் பாலம் தாண்டி, மெரினா வரைக்கும் போகிற இடம். அந்த இடம் எனக்கு என்ன உறவு என்பது அவருக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து, குனிந்து உள்ளே நுழைந்து, எங்கம்மா கையால் டீ வாங்கிக் குடித்தவர். ஆனால் மனசு லேசாகும்போது அதெல்லாம் மறந்துவிடுகிறது போல.

தோழர்களே, நான் அவரைத் திட்ட இதை எழுதவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் திட்ட வந்திருக்கிறேன். 'ஏரியா மாறிடுச்சு.' தமிழ் படித்த புத்தி, இலக்கணத்தில்தான் முதலில் போய் நிற்கிறது. 'மாறியது' தன்வினை. 'மாற்றினான்' பிறவினை. மழை பெய்தது, பொழுது விடிந்தது, ஏரியா மாறியது. ஏதோ இயற்கையாக நடந்த மாதிரி. மாற்றியவன் யார்? யாரைத் தூக்கிவிட்டு மாற்றினான்? வாக்கியத்தில் அவனும் இல்லை, நாங்களும் இல்லை. ஒரு வினைச்சொல்லை இந்தப் பக்கம் திருப்பினால் போதும், இரண்டாயிரம் குடும்பத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடலாம். நம் பண்டிதர்கள் இதை எங்களுக்குச் சொல்லித் தரவே இல்லை.

எங்க இடத்தின் பெயர் சத்தியவாணி முத்து நகர். கூவம் கரையில், தீவுத்திடலை ஒட்டி, சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். பெயருக்குரியவர் யார் என்று இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? 1967இல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சராக இருந்த தலித் பெண். தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கட்சியில் நியாயம் கிடைக்கவில்லை என்று சொல்லி, 1974இல் தி.மு.க.வை விட்டு வெளியே வந்து, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். 1979இல் ஒன்றிய அமைச்சரவை வரைக்கும் போனவர். அந்த அம்மா பேரை எங்க குடிசைங்களுக்கு வச்சிக்கிட்டோம். பேர் வச்சா இடிக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. 2019 டிசம்பர் கடைசியில் பொக்லைன் வந்தது. பெயரைப் படிக்கத் தெரியாத வண்டி அது.

அந்த வருசம் பத்தாவது, பன்னிரண்டாவது படிச்ச பிள்ளைகளுக்கு மூணு மாசத்தில் பொதுத்தேர்வு. பரீட்சை முடியட்டும், அப்புறம் எடுங்கன்னு காலில் விழாத குறையாகக் கேட்டோம். எங்க பொம்பளைங்க கூவத்துக்குள்ளேயே இறங்கி நின்னாங்க. நாறுதுன்னு மூக்கைப் பிடிச்சிக்கிட்டு நீங்க தாண்டிப் போவீங்களே, அந்தத் தண்ணியில. ஒன்றும் எடுபடவில்லை. சட்டி பானை, பிள்ளைகளின் புத்தகம், கட்டிலின் கால் எல்லாம் வண்டியில் ஏறின. பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து சென்ட்ரலுக்குச் சுமார் 25 கிலோமீட்டர்.

*

நண்பர் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அந்தக் கரையில் எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. காலையில் நைனா மாட்டுக்கறி வாங்கி வந்து போட்டுவிட்டு, மீன்பாடி வண்டிக்கு எண்ணெய் விடுவார். ஒன்பது மணிக்கெல்லாம் தெரு முழுக்கக் கறி வாசனை. அன்றைக்கு ஒருநாள் கூவம் தோற்றுப்போகும். அப்புறம் அம்மா அடுப்பைக் காலி பண்ணிப் பட்டாணி வேகவைக்கும். நானும் தங்கச்சியும் மாங்காய் சீவணும், தேங்காய் பல்லுபல்லாக் கீறணும். மூணு மணிக்குத் தூக்கும் கையுமாகக் கிளம்பி, நேப்பியர் பாலத்து மேல நடந்து மெரினா. ராத்திரி பத்து மணிக்குத் திரும்புவோம். அவர்கள் குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்து காற்று வாங்கினார்கள். நாங்கள் அவர்களுக்கு நடுவில் தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் என்று கத்திக்கொண்டு நடந்தோம். ஊருக்கு ஞாயிறு, எங்களுக்கு அது திங்கட்கிழமையைவிடக் கடுமையான வேலைநாள்.

பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் பொருட்காட்சி வந்தால் நைனாவுக்குக் கையில் காசு புரளும். சவுக்குக்கட்டை நட்டு, சாரம் கட்டி, கொட்டகை போட்டதெல்லாம் எங்க ஆம்பளைங்கதான். ராட்டினத்தில் உட்கார்ந்து நீங்கள் கத்தினீர்களே, அதற்கு அடியில் போல்ட்டு முறுக்கிய கை எங்க தெருக் கை. நாங்கள் டிக்கெட் வாங்கிப் போனதில்லை. வேலைக்காரன் பிள்ளை என்று உள்ளே விட்டுவிடுவார்கள். டெல்லி அப்பளம் பெரிசாக, முகத்தை மறைக்கிற மாதிரி இருக்கும். ஒன்று வாங்கி நாலு பேர் உடைத்துத் தின்போம். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுற்றுவதை ஓட்டை வழியாகப் பார்ப்போம். அதுதான் எங்களுக்கு உல்லாசம், ஊர் சுற்றல், எல்லாமும்.

இதைச் சொன்னால் உடனே, "பாத்தியா, எவ்வளவு அழகான வாழ்க்கை" என்று ஏங்குகிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். வேண்டாம். அழகும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள் வரும். எங்க அம்மா நாற்பது வருசம் விடியுமுன் இருட்டில் ஒதுங்கப் போனவள். கொசு, எலி, தீ விபத்து எல்லாம் உண்டு. அந்தக் குடிசையை நான் கொண்டாடவில்லை. ஆனால் அந்த இடம் எங்களுக்குச் சோறு போட்டது. ரெண்டு மைலுக்குள்ளே வேலை, பெரியாஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடற்கரை எல்லாமும். குடிசை மோசம் என்பதற்கு இடத்தைப் பிடுங்குவது எப்படிப் பதில் ஆகும்?

*

நண்பர் சொன்னதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெயமை பீச்சு வரைக்கும் ஒரு ரவுண்டு போலாமாம்மா? நம்ம எடத்தப் பாத்துட்டு வரலாம்."

"அங்க இன்னாடா கண்ணு கீது பாக்க? இட்ச்சதப் போயி பாப்பாங்களா?" என்றாள். ஆனால் ஞாயிறன்று மதியம் பார்த்தால் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பை எடுத்துக்கொண்டு, என்னை முந்தி லிப்டு வாசலில் நிற்கிறாள். லிப்டு ஓடவில்லை. ஏழு மாடி இறங்கினோம். முட்டியைப் பிடித்துப் பிடித்து அவள் இறங்கி முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. எழுபதை நெருங்குகிறவளுக்கு ஏழாவது மாடியைக் குலுக்கலில் எடுத்துக் கொடுத்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

இரண்டு பஸ். பெண்களுக்கு 2021லிருந்து சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அதனால் அம்மா ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்க பொம்பளைங்க இன்னும் வேலைக்குப் போக முடிகிறதென்றால் அதனால்தான். ஆனால் பஸ் காசைத்தான் விட்டுக்கொடுத்தார்கள், நேரத்தை யார் கொடுப்பார்கள்? ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். முன்பு அம்மா கால்மணி நேரம் நடந்துபோய் பாத்திரம் தேய்த்த வீடு அது. வேலை அதேதான், கூலி அதேதான், நடுவில் ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரத்தை உருவிவிட்டார்கள். சென்ட்ரல் கிட்ட இறங்கும்போது நாலரை ஆகிவிட்டது.

எங்க இடத்துக்கு நடந்தோம். வேலி போட்டிருந்தது. வேலிக்குள் செடி. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரு அரச மரத்தைப் பார்த்து நின்று, கையை நீட்டி அளந்தாள். "இந்த மரத்துக்கு இந்தாண்ட பதினாலு அடி. அங்கதான் அடுப்பு. அத்தோ, அந்தச் செடி கீதே, அங்கதான் உன்ன பெத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள வந்துட்ட."

நான் பிறந்த இடத்தில் ஒரு பூச்செடி இருக்கிறது. பெயர் தெரியவில்லை.

காக்கிச் சட்டை போட்ட தனியார் காவலாளி ஒருவர் வந்தார். "இங்கெல்லாம் நிக்கக் கூடாதும்மா. போங்க." அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நாப்பது வருசம் நின்னுகினு இருந்தவதாம்ப்பா நானு. இப்பதான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்." அவருக்குப் புரியவில்லை. அவர் மீதும் கோபமில்லை. அவரும் எங்கிருந்தோ இரண்டு பஸ் ஏறி வருகிறவராகத்தான் இருப்பார்.

*

ஆறு, ஆற்றுப் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு. எங்களைத் தூக்கியபோது சொன்ன சொற்கள் இவை. ஆறு சாகிறது, நீங்கள்தான் கொல்கிறீர்கள் என்றார்கள். கூவத்தில் விழுகிற கழிவுநீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று நின்று பாருங்கள். கக்கூசே இல்லாத எங்க தெருவுக்கு ஏது பாதாளச் சாக்கடை? ஊரின் மாடி வீடுகளும் ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் விட்ட தண்ணி அது. மேட்டில் இருக்கிறவன் கழிப்பான், பள்ளத்தில் இருக்கிறவன் நாறுவான், கடைசியில் நாறுகிறவன்தான் நாற்றத்துக்குக் காரணம் என்பான். சேரிக்குச் சொன்ன அதே நியாயம். ஆயிரம் வருசமாக மனப்பாடம் ஆன நியாயம்.

சரி, ஆற்றுக்குள் யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் போட்டார்கள். தூண்களைக் கூவத்தின் வயிற்றிலேயே இறக்கினார்கள். ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று சொல்லி 2012இல் வேலையை நிறுத்தினார்கள். 2022இல் மறுபடி அடிக்கல். அந்தத் தூண் ஆக்கிரமிப்பு இல்லையாம், வளர்ச்சியாம். பக்கிங்காம் கால்வாயில் பறக்கும் ரயில் தூண் நிற்கிறது. அதுவும் ஆக்கிரமிப்பு இல்லை. கான்கிரீட் நின்றால் திட்டம், கீற்று நின்றால் ஆக்கிரமிப்பு. அந்தக் கீற்றுக்குக் கீழே இருப்பது எந்தச் சாதி என்று பார்த்தால் இந்த இலக்கணம் சுலபமாகப் புரியும்.

வெள்ளத்திலிருந்து உங்களைக் காப்பாற்றத்தான் என்றும் சொன்னார்கள். காப்பாற்றி எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில். தண்ணீர் வந்து தங்குவதற்கென்றே இயற்கை ஒதுக்கிவைத்த பள்ளம் அது. 2022இல் அந்தச் சதுப்புநிலத்துக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. பறவைகள் வருகின்றன, சந்தோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கத்தைச் சுற்றித் தண்ணீர்தான். கூவத்தில் வெள்ளம் வந்தால் ஒரு ராத்திரியில் வடியும். நடந்து போய்ப் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்வோம். இங்கே ஏழாவது மாடியில் கரண்ட் இல்லாமல், குடிதண்ணி இல்லாமல் உட்கார்ந்து கீழே கடல் மாதிரி நிற்கிற தண்ணியைப் பார்த்தோம். அதுதான் எங்களுக்குக் கிடைத்த கடற்கரைக் காட்சி.

'நல்ல வீடு கொடுத்திருக்காங்களே, கக்கூஸ் இருக்கே, இன்னும் என்னய்யா வேணும்?' என்பது அடுத்த கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர். இருக்கிறது. கதவு வைத்த கக்கூஸ் இருக்கிறது. அம்மாவுக்கு அதில் ரொம்பச் சந்தோசம், நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கதவை இங்கேயே, கூவம் கரைக்கு அந்தாண்ட ஒரு நிலத்தில் வைத்திருக்க முடியாதா? முடியும். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கி, 1971இல் அதற்குச் சட்டமும் வந்த காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடி நாலு மாடி கட்டித்தான் கொடுத்தார்கள். மெரினாவை ஒட்டிய குப்பங்களிலேயே கட்டினார்கள். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை? நிலத்துக்கு விலை ஏறிவிட்டது. நிலத்தின் விலை ஏற ஏற, அதன் மேல் இருக்கிற எங்க விலை இறங்கிக்கொண்டே வந்தது. 2000இல் கண்ணகி நகர், 15,656 வீடு. அப்புறம் செம்மஞ்சேரி, 6,764 வீடு. அப்புறம் எழில் நகர், பெரும்பாக்கம். ஊருக்குள் சிதறிக் கிடந்த சேரிகளைப் பொறுக்கியெடுத்து, ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் குவித்து, நாட்டிலேயே பெரிய சேரிகளில் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். சென்னை மட்டும் ரொம்ப நாள் அந்த விதிக்கு அடங்காமல் கலந்து கிடந்தது. இப்போது அதையும் சரிப்படுத்திவிட்டார்கள்.

2021இல் வாரியத்தின் பெயரை மாற்றி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆக்கினார்கள். பெயரில் இனி குடிசை இல்லை. ஊரிலும் இல்லை.

*

நேப்பியர் பாலத்துக்கு வந்தோம். 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அந்தப் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் தீட்டினார்கள். அன்றிலிருந்து படம் எடுக்க வருகிற கூட்டம் கூடிவிட்டது. அம்மா நடுப்பாலத்தில் நின்று ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் இளம் ஜோடி. பையன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னான்: "ஆன்ட்டி, கொஞ்சம் நகருங்க."

அம்மா நகர்ந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தியவாணி முத்து நகர். கண்ணகி நகர். எழில் நகர். எங்களுக்குக் கொடுத்த பெயரெல்லாம் 'நகர்' என்று முடிகிறதே, அதைப் பெயர்ச்சொல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது ஏவல் வினை.

இதே பாலத்தின் மேல்தான் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1, அந்தச் சனி ஞாயிறு கார்ப் பந்தயம் விட்டார்கள். தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலை. ராத்திரியைப் பகலாக்கி விளக்கு. ஐந்து வருசத்துக்கு முன்னால், 'இந்த இடத்தில் மனுசங்க இருக்கக் கூடாது, ஆபத்து' என்று எந்த இடத்திலிருந்து எங்களைத் தூக்கினார்களோ, அதற்குப் பக்கத்தில்தான். நாங்கள் அடுப்பு மூட்டிக் குந்தியிருந்தால் ஊருக்குக் கேடு. கார் புகை விட்டுக்கொண்டு பறந்தால் ஊருக்குப் பெருமை. என் தங்கச்சி பையன் அதைப் பெரும்பாக்கத்தில் செல்போனில் பார்த்துவிட்டு, "மாமா, இது உங்க ஏரியாதானே?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது? ஆமாண்டா, எங்க ஏரியாதான், நாங்கதான் அதுல இல்ல.

உழைப்பாளர் சிலை தாண்டி மணலில் இறங்கினோம். நாலு ஆள் பாறையை நெம்புகிற சிலை. 1959லிருந்து நெம்புகிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் குப்பை பொறுக்கிக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "யாருடி அது?" என்று கத்தினாள். எங்க எதிர்வீட்டு அக்கா. பெரும்பாக்கத்தில் வேறு பிளாக்கில் போட்டுவிட்டதால் பார்த்து இரண்டு வருசம் ஆகிறது. அடுத்த பிளாக்கில் இருந்துகொண்டு பார்க்காதவர்கள், 25 கிலோமீட்டர் தள்ளி மெரினாவில் பார்த்துக்கொண்டார்கள். காண்டிராக்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஷிப்டு. "ஞாயித்துக்கெயமைதான்க்கா குப்ப ஜாஸ்தி. ஜனம் வந்து உக்காந்துட்டுப் போவுதுல்ல. வேல முட்சா விடியக்கால பஸ்ஸு வர வரிக்கும் இங்கியே குந்தியிருப்பேன்."

நண்பரே, நீங்கள் 'சுத்தமா மாறிடுச்சு' என்றீர்களே, அந்தச் சுத்தம் இதுதான். அங்கே குடியிருந்தபோது இந்த அக்காவும் ஊருக்கு அசிங்கம். இப்போது ராத்திரி வந்து பெருக்கிவிட்டு, உங்கள் கண்ணில் படாமல் விடிவதற்குள் போய்விடுகிறாள். ஏரியா சுத்தமாக இருக்கிறது. இடம்தான் மாறியதே தவிர அவள் கையிலிருந்த துடைப்பம் மாறவில்லை.

*

தமிழில் ஓய்வாக ஊர் சுற்றப் போன கதை ஒன்று ரொம்பப் பழசு. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை. இந்திர விழா முடிந்து கோவலனும் மாதவியும் கடற்கரைக்குப் போகிறார்கள். அவன் கோவேறு கழுதை மேல், அவள் மூடுவண்டியில். வகுப்பில் எங்களுக்கு அவர்கள் காதலையும் ஊடலையும்தான் விளக்கி விளக்கிச் சொன்னார்கள். ஆனால் இளங்கோ இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். அந்தக் கரையில் எரிகிற விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுகிறவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு. எங்க வாத்தியார் அதை 'வருணனை' என்று ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டார். எனக்கு மட்டும் தாண்ட முடியவில்லை. தூக்குக்குப் பக்கத்தில் சிம்னி விளக்கு வைத்து எங்கம்மா குந்தியிருந்ததை நான் பார்த்தவன். அரச குலத்துத் துறவி என்று சொல்லப்படுகிற ஒருத்தர் கண்ணுக்குக்கூடச் சுண்டல்காரி விளக்கு தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அழகுபடுத்துகிறவர் கண்ணுக்கு அந்த விளக்குதான் முதல் ஆக்கிரமிப்பு.

இருட்டுகிற நேரத்துக்குக் கண்ணகி சிலைக்கு வந்தோம். அம்மா அந்தச் சிலையடியில் எத்தனையோ வருசம் சுண்டல் விற்றவள். யார் என்று மட்டும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள். "இன்னாத்துக்குடா இந்தம்மா இப்டிக் கையத் தூக்கிகினு நிக்குது?"

சொன்னேன். புருசனை அநியாயமாகக் கொன்றதற்கு ராசாவிடம் நியாயம் கேட்டுப் போனவள் என்றேன். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது இங்கே வைத்தார்கள். 2001 டிசம்பரில் ஒருநாள் ராத்திரோடு ராத்திரியாகத் தூக்கினார்கள். தமிழ்நாடே கொதித்தது. கவிஞர்கள் எழுதினார்கள், கட்சிகள் ஊர்வலம் போயின. 2006இல் திரும்பக் கொண்டுவந்து இதே கடற்கரையில் நிறுத்தினார்கள்.

"இவங்க பேருதாம்மா கண்ணகி நகருக்கு வச்சிருக்கறது."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இவங்களையும் தூக்குனாங்களா?"

"தூக்குனாங்க."

"அப்பால திருப்பி இட்டாந்துட்டாங்களா? இதே எடத்துக்கா?"

"ஆமாம்மா."

"பொம்மன்றதால இட்டாந்தாங்க," என்றாள்.

தோழர்களே, எம்.ஏ. படித்து, இத்தனை கட்டுரை எழுதி நான் சொல்ல வந்தது இதுதான், அதை அவள் இரண்டே சொல்லில் முடித்துவிட்டாள். கண்ணகி சிலையைத் தூக்கியபோது தமிழன் மானம் போய்விட்டதென்று தெருவுக்கு வந்த ஒரு தமிழறிஞராவது, கண்ணகி நகருக்கு உயிரோடு தூக்கிப்போன கண்ணகிகளுக்காக ஒரு வரி எழுதினாரா? எழுதியிருந்தால் எங்க கண்ணில் படவில்லை. சிலைக்கு நாலரை வருசத்தில் மறுகுடியமர்வு, அதுவும் அதே கடற்கரையில். 2000லிருந்து போனவர்களில் எத்தனை குடும்பம் அதே கரைக்குத் திரும்பி வந்தது?

எங்களுக்கு அழகு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆறு சுத்தமாக ஓடட்டும், கரையில் மரம் வளரட்டும். அந்த மரத்தடியில் எங்களுக்கும் வீடு வேண்டும் என்கிறோம். இடித்த இடத்துக்கு அரை மணி நேர நடைக்குள் வீடு கொடுப்பதைச் சட்டமாக்கு. பள்ளிக்கூடம் நடக்கிற காலத்தில் எந்தக் குடிசையையும் தொடாதே. கரையில் விற்கிறவனுக்கு விற்கிற இடத்தை எழுதிக் கொடு. ஏற்கெனவே கொண்டுபோய்த் தள்ளியவர்களுக்கு, இந்த ஊருக்குள் எந்த அரசு நிலத்தில் கட்டடம் எழும்பினாலும் முதல் பங்கு கொடு. இதில் ஒன்றுகூடப் பிச்சை இல்லை. நாற்பது வருசம் இந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமைகளை நடத்திக் கொடுத்ததற்கான பாக்கி.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் பெரும்பாக்கம் வாருங்கள். கார் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். ஏழாவது மாடி. லிப்டு ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். அம்மா டீ போட்டுத் தருவாள், உங்களை இன்னும் நினைவு வைத்திருக்கிறாள். வந்து பார்த்துவிட்டுப் போய், மறுபடியும் யாரிடமாவது அந்த ஏரியா பற்றிப் பேச நேர்ந்தால், 'மாறிடுச்சு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'மாத்திட்டாங்க' என்று சொல்லுங்கள். யார், யாரை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.